சுழலும் தட்டு சொல்லாதது: கன்பிளா கிட்டுகளை எடைபோடுவது பற்றி

கன்பிளா, அதாவது 'கண்டம்' என்ற ஜப்பானிய தொடரின் ரோபோக்களை நாமே கட்டும் பிளாஸ்டிக் கிட்டுகள். இவற்றுக்கு மதிப்பெண் போடும் வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும். சுழலும் தட்டில் ரோபோ நிற்கும். கையில் துப்பாக்கி, ஒரு கால் முன்னால், பின்னணியில் டமடமவென்று இசை. பத்துக்கு ஒன்பது! பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது முந்தின நாள் ராத்திரி கட்டி முடித்த ரோபோ. காசு கொடுத்து வாங்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு. கட்டும் அந்தச் சில மணி நேரம் எப்படிப் போகும்? அலமாரியில் ஒரு வருடம் நின்ற பிறகு அது எந்த நிலையில் இருக்கும்? இந்த இரண்டுக்கும் சுழலும் தட்டில் பதில் கிடையாது.

நான் ஏர்பிரஷ் வைத்துப் பெயின்ட் அடித்துப் போட்டிக்கு அனுப்பும் ரகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஃபேன் வேகத்தைக் குறைத்துவிட்டு (இல்லையென்றால் கண் ஸ்டிக்கர் பறந்துவிடும், அப்புறம் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டும்), பெட்டியைத் திறந்து உட்காரும் ரகம். பசை இல்லாமல், வெட்டி, அழுத்தி, மாட்டினால் முடிகிற சின்ன ரோபோக்கள்தான் எனக்குப் பிடித்தவை. அதனால் இங்கே நான் பேசுவது 1/144 அளவு கிட்டுகளைப் பற்றி மட்டும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் உயரமானவை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

'மொபைல் சூட் கண்டம்' தொடர் ஜப்பானில் நகோயா டிவியில் 1979 ஏப்ரலில் தொடங்கியது. இயக்கம் யோஷியுகி தொமினோ, ரோபோ வடிவமைப்பு குனியோ ஓகவாரா. பார்வையாளர்கள் குறைவு, பொம்மை விற்பனையும் மந்தம். 52 பகுதிகளாகத் திட்டமிட்டதை 43இல் சுருக்கி 1980 ஜனவரியில் முடித்துவிட்டார்கள். மறு ஒளிபரப்பில்தான் தொடர் சூடு பிடித்தது. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் தொடரின் நாயக ரோபோவான ஆர்எக்ஸ்-78-2 கண்டமை 1/144 அளவில் பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டது. விலை 300 யென். கன்பிளா என்று இன்று நாம் சொல்வது அங்கே தொடங்கியதுதான். அடுத்த இரண்டு வருடத்தில் பைத்தியம் தலைக்கேறியது. 1982இல் சிபா மாகாணத்தில் ஒரு கடையில் கிட் வாங்க முண்டியடித்த பிள்ளைகள் எஸ்கலேட்டரில் விழுந்து காயப்பட்டதெல்லாம் செய்தியில் வந்தது.

அந்த 300 யென் கிட்டில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் அளவுதான். அதுவரை ரோபோ பொம்மை என்றால் கைக்கு அடக்கமான ஏதோ ஒரு உயரம், அவ்வளவுதான். இதில் விமானம், டாங்கி மாடல் போல விகிதம் வந்துவிட்டது. கதையில் கண்டம் 18 மீட்டர் உயரம், 144ஆல் வகுத்தால் 12.5 சென்டிமீட்டர். எதிரி ரோபோ ஸாகு 17.5 மீட்டர், பொம்மையாக 12.15 சென்டிமீட்டர். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் அந்த அரை மீட்டர் வித்தியாசம் மூன்றரை மில்லிமீட்டராகத் தெரியும். பிள்ளைகளுக்கு இது போதாதா?

அந்தப் பழைய கிட் இன்றும் மறுபதிப்பாக வருகிறது. மொத்தமும் ஒரே வெள்ளை பிளாஸ்டிக், பசை போட்டுத்தான் ஒட்ட வேண்டும், நிறம் வேண்டுமென்றால் பெயின்ட் அடிக்க வேண்டும், இடுப்பு திரும்பாது. கிடைத்தால் ஒன்று வாங்கிப் பாருங்கள். புது கிட் எதையும் எடைபோடுவதற்கு அதைவிட நல்ல படிக்கல் இல்லை. பண்டாய் இதையெல்லாம் ஷிசுவோகாவில் வார்க்கிறது. இன்னொரு மாடல் நிறுவனமான தாமியாவும் அதே ஊர்தான். மர வேலைக்குப் பேர்போன அந்த ஊரில் மர மாடல் செய்தவர்கள்தான் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். பண்டாய்க்கும் இந்தத் தொழில் வந்த வழி சுவாரசியம். 1969இல் நொடித்துப்போன இமாய் என்ற மாடல் நிறுவனத்தின் ஷிமிசு தொழிற்சாலையையும் அச்சுகளையும் வாங்கித்தான் மாடல் துறையில் கால் வைத்தது.

சரி, பெட்டியைத் திறப்போம்.

கிட்டை எடைபோடும் வேலையை நான் ரன்னரிலேயே தொடங்கிவிடுவேன். ரன்னர் என்றால் பாகங்களைச் சுற்றி இருக்கும் அந்தச் சட்டம். உருக்கிய பாலிஸ்டைரீனை அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். பிளாஸ்டிக் ஓடி வந்த வாய்க்கால்தான் ரன்னர். வாய்க்காலிலிருந்து பாகத்துக்குள் நுழையும் குறுகிய வாசல்தான் கேட். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் பாகத்தைச் சுற்றி மெல்லிய கோடு விழும். ஆறிய பாகத்தை ஊசிகள் தள்ளி வெளியேற்றும் இடத்தில் வட்டத் தழும்பு இருக்கும். பிளாஸ்டிக் தடிமனாக இருக்கும் இடம் ஆறும்போது சுருங்கி லேசாகக் குழியும். இதில் எதையும் முழுசாகத் தவிர்க்க முடியாது. வடிவமைப்பவரின் சாமர்த்தியம் இவற்றை எங்கே ஒளித்து வைக்கிறார் என்பதில் இருக்கிறது. வட்டத் தழும்பு எல்லாம் பாகத்தின் உள்பக்கம் விழுந்திருந்தால் நல்ல ஆள். கேட் வளைந்த நெற்றியின் நடுவில் வந்து நின்றால், எத்தனை அழகான ரோபோவாக இருந்தாலும் எனக்கு அங்கேயே ஒரு மதிப்பெண் போய்விட்டது.

வெட்டுவதில் ஒரு சின்ன சூட்சுமம். பாகத்தை ஒட்டி நேரடியாக வெட்டக் கூடாது. முதலில் கேட்டின் தூரப் பக்கத்தில் வெட்டி பாகத்தை விடுவிக்க வேண்டும். கையில் எடுத்தபின் மிச்சமிருக்கும் குச்சியை நிப்பரின் (வெட்டும் சின்ன இடுக்கி) தட்டைப் பக்கத்தைப் பாகத்தோடு வைத்து மெதுவாக வெட்ட வேண்டும். கடைசி நொடியில் பிளாஸ்டிக் நசுங்கினால் அந்த இடம் வெளுத்துப்போகும். வெள்ளைப் பாகத்தில் தெரியாது. கருநீலத்திலும் அடர்சிவப்பிலும் சுண்ணாம்புப் பொட்டு வைத்த மாதிரி பளிச்சென்று தெரியும். நகத்தால் அழுத்தித் தேய்த்தால் பாதி மறையும். மீதிக்கு 600, 800, 1000 என்று உப்புத்தாள். நீலம் அதிகமுள்ள கிட்டை எடைபோடும்போது இந்த வேலையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். வீடியோவில் யாராவது சொல்கிறார்களா? மார்பின் நீலத்தைக் காட்டி "கலர் பிரமாதம்" என்பார்கள். அந்தப் பிரமாதத்துக்குப் பின்னால் கால் மணி நேரத் தேய்ப்பு இருக்கிறது.

நிப்பர் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒற்றை அலகு உள்ள மெல்லிய நிப்பர்கள் ஜப்பானில் உண்டு. காட்ஹாண்டின் எஸ்பிஎன்-120 அதில் ராஜா. வெண்ணெய் மாதிரி வெட்டும்தான், ஆனால் கிட்டைவிட விலை அதிகம், தடித்த ரன்னரை வெட்டினால் அலகு தெறிக்கும். முதல் கிட்டுக்கு அது தேவையே இல்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சுமாரான தட்டை நிப்பரும் ஒரு நகத்தேய்ப்பானும் போதும்.

பசை இல்லாமல் எப்படி நிற்கிறது என்று கேட்பார்கள். ஒரு பாகத்தில் ஊசி, எதிர்ப் பாகத்தில் குழி. ஊசி குழியைவிட இம்மி பெரிது. அழுத்தும்போது இரண்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இறுகிவிடும். இந்த இம்மியில்தான் எல்லாமே. கூடிப்போனால் மாட்டவே கட்டைவிரல் வலிக்கும், அழுத்தத்தில் ஊசி உடையும். குறைந்துபோனால் கையில் எடுக்கும்போதெல்லாம் தோள் கழன்று விழும். பண்டாய் இதைப் பல வருடம் மெனக்கெட்டுச் சரி செய்திருக்கிறது. கூடவே நிறமும். ஒரே அச்சுக்குள் நான்கு நிறப் பிளாஸ்டிக்கைச் செலுத்தி, ஒரே ரன்னரில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் வெள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் வரவைக்கும் முறை. கையில் எடுத்துப் பார்த்தால் நிறங்கள் சந்திக்கும் இடத்தில் ரன்னரில் ஒரு கலங்கல் தெரியும். பாகத்துக்குள் மட்டும் ஒரு துளி கலந்திருக்காது. எத்தனை கிட் கட்டினாலும் அந்த ரன்னரை ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நான் வெட்டத் தொடங்குவதில்லை.

2020இல் வந்த என்ட்ரி கிரேட் கண்டம் இந்தத் தொழில்நுட்பம் எங்கே வந்து நிற்கிறது என்பதற்கு நல்ல உதாரணம். நிப்பர் வேண்டாம், பசை வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம். கேட் அவ்வளவு மெல்லிசு, விரலால் திருகினாலே பாகம் வந்துவிடும். விலை ஜப்பானில் 1,000 யெனுக்கும் கீழே. அக்கா பையனிடம் இதைக் கொடுத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் பாகத்தைத் தொடவே பயந்தான்.

"மாமா, உடைஞ்சிடுமா?"

"உடைக்கத்தான்டா செஞ்சிருக்காங்க. திருகு."

டக்கென்று ஒரு சத்தம். பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதற்கப்புறம் விளக்கத்தாளைக்கூட என்னிடம் காட்டவில்லை. தலையில்தான் கொஞ்சம் நின்றான். கண்ணுக்கு ஸ்டிக்கர் எங்கே என்று தேடினான். மஞ்சள் கண் தனிப் பாகம். அதை உள்ளே வைத்து, கறுப்பும் வெள்ளையும் சிவப்பும் ஒன்றின் மேல் ஒன்றாக மூடினால், கண் மட்டும் இரண்டு கீறலாக வெளியே எட்டிப் பார்க்கும். மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் இந்தக் கண்ணுக்காக அச்சில் எவ்வளவு வேலை செய்திருப்பார்கள் என்று நினைத்தால் தலை சுற்றுகிறது.

இதில் குறையே இல்லையா? இருக்கிறது. துப்பாக்கியும் கேடயமும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. விரல் திறந்த கை கிடையாது. முதுகில் வாள் பிடி இருக்கும், உருவ முடியாது. ஆனால் அந்த விலைக்கு அந்தக் கணுக்காலும் முழங்கையும் வளைவதைப் பார்த்தால் வாய் திறக்கத் தோன்றாது. காசுக்கேற்ற தோசை என்பார்கள். இது காசுக்கு மேலேயே சுட்டுக் கொடுத்த தோசை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் 2010இல் வந்த ரியல் கிரேட் (சுருக்கமாக ஆர்ஜி) கண்டம். அதே 1/144, அதே உயரம். கன்பிளாவின் 30ஆம் வருடத்துக்காக வந்த வரிசை. அதில் உள்ள அதிசயம், கை, கால் எலும்புக்கூடு முழுசாக, மூட்டோடு சேர்ந்தே ஒரே ரன்னரில் வார்த்து வருவது. வெட்டி எடுத்து வளைத்தால் முழங்கால் மடங்கும். நாம் எதையும் மாட்டவில்லை! முதல் தடவை அதைச் செய்யும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது. அதன் மேல் அரிசி மணி அளவுக் கவசங்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். வெள்ளையிலேயே சற்று மாறுபட்ட சாயல்கள், கண்ணாடி எடுத்துத் தேடும் அளவுக்கு ஸ்டிக்கர்கள். கட்டி முடித்தபோது நானும் பத்துக்குப் பத்து என்றுதான் சொல்லியிருப்பேன்.

அலமாரி வேறு தீர்ப்பு சொன்னது. அந்த வார்ப்பு மூட்டுகள் காலப்போக்கில் தளர்கின்றன. கவசங்களின் எடை, ஆயுதத்தின் எடை, அடிக்கடி நிலை மாற்றும் கை, எல்லாம் சேர்ந்து இடுப்பும் கணுக்காலும் விட்டுக்கொடுக்கத் தொடங்கும். ஒரு நாள் பார்த்தால் லேசாகச் சாய்ந்திருக்கும். கவசம் தொட்டால் கழலும். இது என் ஒருவன் புலம்பல் இல்லை, ஆரம்பகால ஆர்ஜி கட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பண்டாய்க்கும் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் வந்த ஆர்ஜிகளில் அந்த ரெடிமேட் எலும்புக்கூட்டைக் கைவிட்டு, நாமே மாட்டும் உறுதியான மூட்டுகளுக்குத் திரும்பினார்கள். 2024இல் வந்த ஆர்எக்ஸ்-78-2வின் ஆர்ஜி 2.0 அப்படிப்பட்டதுதான். புதுமையாக இருந்ததைவிடப் பழைய முறையே மேல் என்று ஒரு நிறுவனம் பின்வாங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 2010இல் எழுதப்பட்ட ஆகா ஓகோ விமர்சனங்கள் எல்லாம் இணையத்தில் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. புதிதாக வருகிறவர் அவற்றைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறார்.

அதனால் மூட்டுகளைப் பார்ப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

மூட்டுக்கு மூன்று விதமான பொருட்கள் உண்டு. பழைய கிட்டுகளில் பாலிகேப்: சாம்பல் நிறத்தில், தொட்டால் மெழுகு மாதிரி வழுக்கும் பாலிஎத்திலீன் குமிழ்கள். மெத்தென்று பிடிக்கும், லேசில் தேயாது, ஆனால் பெயின்ட் ஒட்டாது. அடுத்து ஏபிஎஸ்: கடினம், உறுதி, ஆனால் உரச உரசத் தேயும். இப்போது பெரும்பாலான சின்ன கிட்டுகளில் கேபிஎஸ் என்ற கொஞ்சம் வளைந்து கொடுக்கும் பாலிஸ்டைரீன். பாலிகேப் தேவையில்லாமலே கவசமும் மூட்டும் ஒரே பொருளில் வருவது இதனால்தான். புதிதாக மாட்டும்போது கேபிஎஸ் மூட்டு மழைக்காலக் கதவு மாதிரி இறுகி நிற்கும். பயப்பட வேண்டாம், நாளாவட்டத்தில் சரியாகிவிடும். பயப்பட வேண்டியது முதல் நாளே லேசாக ஓடும் மூட்டைக் கண்டு.

முதலில் இடுப்பு. ரோபோவை ஒரு காலில் நிறுத்தி, மற்றக் காலை முன்னால் தூக்குங்கள். மேல் உடம்பு மெதுவாகப் பின்னால் சாய்ந்தால் இடுப்பு எடையைத் தாங்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் மணிக்கட்டு. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 12 சென்டிமீட்டர் ரோபோவின் கையில் அதன் உயரத்துக்கே ஒரு ஆயுதத்தைக் கொடுத்து நீட்டிப் பிடிக்கச் சொன்னால், மணிக்கட்டில் இருக்கும் அந்த இரண்டு மில்லிமீட்டர் உருண்டைதான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. படம் எடுக்கும் வரை நிற்கும். ராத்திரி தூங்கி எழுந்து பார்த்தால் துப்பாக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். புது கிட்டை நான் முதல் வாரம் ஆயுதத்தை நீட்டிய நிலையிலேயே விட்டுவைப்பது இதற்காகத்தான். எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் என் மதிப்பெண்.

தளர்ந்துவிட்டால் வைத்தியம் உண்டு. உருண்டையின் மேல் சூப்பர் குளூவை மெல்லிசாகத் தடவி, முழுசாகக் காய்ந்த பிறகு, கவனியுங்கள், முழுசாகக் காய்ந்த பிறகு மாட்டினால் மறுபடி இறுகும். நெயில் பாலிஷ் தடவச் சொல்லும் யோசனை ஒன்றும் சுற்றுகிறது. அதிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்னும், அதனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

நடுத்தர ரகமான எச்ஜிக்கு (ஹை கிரேட்) வருவோம். 1990இல் தொடங்கிய வரிசை, இன்றைக்கும் கன்பிளாவின் சோறும் குழம்பும் இதுதான். இதில் நான் அடிக்கடி சிபாரிசு செய்வது 2015இல் வந்த பார்படோஸ். ஜப்பானில் அப்போது 1,000 யென் சுமாருக்குக் கிடைத்தது. கதையிலேயே எலும்புக்கூடு வெளியே தெரியும் ரோபோ என்பதால், கிட்டிலும் முதலில் எலும்புக்கூடு, அப்புறம் கவசம் என்று கட்டுகிறோம். சின்ன கிட்டில் பெரிய கிட்டின் ருசி. வயிற்றுப் பகுதி குச்சியாக இருந்தும் உறுதியாக நிற்கிறது. குறை என்றால் நிறம்: அங்கங்கே ஸ்டிக்கரை நம்ப வேண்டியிருக்கும்.

ஸ்டிக்கரைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. தட்டைப் பரப்பில் ஒட்டும் ஸ்டிக்கர் பரவாயில்லை. மூலையில் மடித்து ஒட்டச் சொல்லும் ஸ்டிக்கர் தோல்வி. ஒட்டிய அன்று படியும், கொஞ்ச நாளில் ஓரம் எழும்பும், எழும்பிய ஓரத்தில் தூசி சேரும். எந்த கிட்டின் விளக்கத்தாளையும் வாங்குமுன் இணையத்தில் பார்க்க முடிந்தால், ஸ்டிக்கர் பக்கத்தைப் பாருங்கள். மடிப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் எத்தனை என்று தெரிந்துவிட்டால், நிறம் எந்த இடத்தில் ஏமாற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

2022இல் வந்த ஏரியல் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். மார்பில் கண்ணாடிபோல் இருக்கும் பாகத்துக்குள் மினுங்கும் படலத்தைப் பாகத்தோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள். ஸ்டிக்கரால் ஒருநாளும் அந்த ஆழம் வராது. கேடயம் 11 துண்டுகளாகப் பிரிந்து உடம்பெங்கும் மாட்டிக்கொள்ளும். கட்டும்போது சலிப்பு தட்டாத கிட். சலிப்பு என்று சொன்னது காரணத்தோடுதான். எந்த ரோபோவுக்கும் கை இரண்டு, கால் இரண்டு. இடது காலை ரசித்துக் கட்டிய பிறகு அதே வேலையை வலது காலுக்கும் செய்ய வேண்டும். நல்ல வடிவமைப்பாளர் இதைத் தெரிந்து வைத்திருப்பார். கால்களைச் சீக்கிரம் முடியவைத்து, வேடிக்கையான வேலையை மார்புக்கும் முதுகுக்கும் கொடுப்பார். எதிர் உதாரணம் வேண்டுமா? கொஞ்சம் பெரிய அளவுக்குப் போய், எம்ஜி (மாஸ்டர் கிரேட்) ஸாகு 2.0வின் குழாய்களைப் பாருங்கள். ஸ்பிரிங்கின் மேல் சின்னச் சின்ன வளையங்களைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். பூக்கட்டும் பொறுமை உள்ளவர்களுக்கு அது தியானம். எனக்கு இல்லை.

கண்டம் இல்லாத ஒரு வரிசையையும் சொல்லிவிட வேண்டும். 2019இல் பண்டாய் தொடங்கிய 30 மினிட்ஸ் மிஷன்ஸ். பின்னால் டிவி தொடர் கிடையாது, அதனால் ரோபோவின் நிறம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஆல்டோ, போர்ட்டனோவா என்று எதிரெதிர் அணிகளின் இரண்டு ரோபோக்கள். உடம்பெங்கும் 3 மில்லிமீட்டர் துளைகள், ஒன்றின் கையைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். பெரும்பாலும் ஒற்றை நிறம், ஸ்டிக்கர் தொல்லை இல்லை. படத்தில் இருக்கும் மாதிரி வரவில்லையே என்ற கவலையும் இல்லை, ஏனென்றால் படமே கிடையாது. பெயின்ட் அடித்துப் பழகவும் இதைவிடத் தோதான ரோபோ இல்லை. ஆனால் தனியாக ஒன்று வாங்கி அலமாரியில் வைத்தால் மொட்டையாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று சேர்ந்தால்தான் கலகலப்பு. பண்டாய்க்கும் அதுதானே வேண்டும்.

இனி நம் ஊர் சமாச்சாரம். கிட் ஷிசுவோகாவில் வார்க்கப்பட்டாலும் நிற்கப் போவது சென்னை அலமாரியில். ஈரப்பதம் அதிகமான நாளில் மேட் டாப்கோட் (பளபளப்பைக் குறைக்கும் மேல்பூச்சு) ஸ்பிரே அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படியும். கறுப்புப் பாகம் பூசணம் பூத்த மாதிரி வெளுத்துவிடும். அக்டோபர், நவம்பரில் டப்பாவைத் தொடாமல் இருப்பதே நல்லது. வெயில் இன்னொரு பகை. ஜன்னலோரம் நின்ற வெள்ளை ரோபோ மெல்ல மெல்லப் பழுப்பேறும். ஒரு பக்கம் மட்டும் பழுப்பேறினால் இன்னும் கொடுமை.

அதைவிட முக்கியமானது கோடு போடும் மை. கவசத்தின் பள்ளங்களில் கறுப்பு மை ஓடவிட்டால் ரோபோ உயிர் பெறும், சந்தேகமே இல்லை. ஆனால் எனாமல் வகை மையும் அதைத் துடைக்கும் தின்னரும், அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கைப் பிளக்கும். குழிக்குள் ஊசி இறுகி நிற்கும் இடம் எப்போதும் அழுத்தத்தில்தான் இருக்கிறது. அங்கே தின்னர் கசிந்தால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. பிறகொரு நாள் மூட்டை வளைக்கும்போது பொட்டென்று விட்டுப்போகும். பசை இல்லாமல் மாட்டும் கிட்டுகளுக்கே உரிய சாபம் இது. மாட்டுவதற்கு முன்பே தனித்தனிப் பாகத்தில் கோடு போட்டுக் காயவிடுங்கள், அல்லது நுனி மெல்லிய பேனா வகை கண்டம் மார்க்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விலையைப் பற்றி: ஜப்பானிய விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். கப்பல், சுங்கம், கடைக்காரர் லாபம் எல்லாம் ஏறித்தான் நம் கைக்கு வரும். அதனால் நான் இங்கே ஒரு எச்ஜி வாங்குவதற்கு முன் பார்ப்பது, அந்தப் பணத்துக்கு இன்னொரு என்ட்ரி கிரேடும் ஒரு நல்ல நிப்பரும் வருமா என்றுதான். முதல் தடவை வாங்குகிறவருக்கு என் பதில் எப்போதும் அதுதான். இரண்டாவது கிட்டாக பார்படோஸோ ஏரியலோ. ஆர்ஜி பக்கம் போவதென்றால் புதிதாக வந்தவற்றைப் பாருங்கள், பழையவற்றின் புகழ்மாலையை நம்பாதீர்கள்.

வெட்டிய ரன்னர்களை என்ன செய்வது என்று ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. ஜப்பானில் பண்டாய் நாம்கோ குழுமம் 2021இலிருந்து தன் விளையாட்டு மையங்களிலும் கடைகளிலும் பெட்டி வைத்துக் காலி ரன்னர்களைச் சேகரித்து மறுசுழற்சி செய்கிறது. அதிலிருந்து கறுப்பு நிற கிட்டுகளும் வருகின்றன. இங்கே அந்த வசதி இல்லை. நான் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொள்கிறேன். பாதி தீர்ந்த மாடல் சிமெண்ட் (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை) புட்டியில் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டு ஒரு ராத்திரி விட்டால் தேன் பதத்துக்குக் கரையும். நிப்பர் ஆழமாகக் கடித்துவிட்ட பள்ளத்தில் அதைத் தடவி, நன்றாகக் காய்ந்த பின் தேய்த்தால், அதே நிறத்தில் பள்ளம் மூடிவிடும். பாலிகேப் ரன்னரை மட்டும் அதில் போடாதீர்கள். பாலிஎத்திலீன் கரையாது, புட்டி அடியில் அப்படியே கிடக்கும்.